பிழைக்க வந்த ஊரை நண்பர்களுக்குச் சுற்றிக் காட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

“டிக்கெட் போட்டாச்சு, அடுத்த மாசம் உன் ஊருக்கு வர்றோம்” என்று செய்தி வந்ததும் முதலில் வருவது சந்தோஷம். அரை மணி நேரம் கழித்து வருவது கலக்கம். இது பிறந்து வளர்ந்த ஊர் இல்லையே. வேலைக்கோ படிப்புக்கோ கல்யாணமாகியோ வந்து ஒட்டிக்கொண்ட ஊர். இத்தனை வருஷத்தில் நமக்குப் பழகியது வீடு, வேலை, கடை, மறுபடி வீடு என்ற ஒரே தடம்தான். ஊர்ப் பெயரைச் சொன்னாலே எல்லோருக்கும் நினைவுக்கு வரும் அந்தப் பெரிய இடத்துக்கு நாமே இன்னும் போயிருக்க மாட்டோம். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று தள்ளிப்போட்டே காலம் ஓடியிருக்கும்.

இப்படி வந்த நண்பர்களைப் பல முறை அழைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். பாதி நன்றாக நடந்தது, மீதி சொதப்பியது. கீழே இருப்பவற்றில் பெரும்பாலானவை சொதப்பியதிலிருந்து கற்றவை.

1. உங்கள் முதல் வாரத்தைத் தோண்டி எடுங்கள்

அந்த ஊரிலேயே பிறந்தவரிடம் வழி கேட்டுப் பாருங்கள். “நேரா போங்க, அப்படியே திரும்பினா வந்துடும்” என்பார். புதிதாக வருபவருக்கு எங்கே குழப்பம் வரும் என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. வந்து குடியேறிய உங்களுக்குத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் உள்ளூர்க்காரரைவிட நீங்கள்தான் நல்ல வழிகாட்டி.

நான் வந்த புதிதில் பேருந்துக் கதவு தானாகத் திறக்கும் என்று அதன் முன்னால் பையோடு நின்றிருந்தேன். பக்கத்துக் கம்பியில் இருந்த பொத்தானை அழுத்தினால்தான் திறக்கும். யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. வண்டி கிளம்பிவிட்டது. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் ஜன்னல் வழியாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

எனவே ஒரு தாளை எடுத்து, இடங்களின் பட்டியலுக்கு முன்னால் தடுமாற்றங்களின் பட்டியலை எழுதுங்கள். ரயில் நிலையத்தில் எந்த வாசல் வழியாக வெளியே வர வேண்டும்? டிக்கெட்டை ஏறும்போது மட்டும் காட்டினால் போதுமா, இறங்கும்போதும் வேண்டுமா? கடைகள் எத்தனை மணிக்கு மூடும்? சாலையைக் கடக்கும்போது வண்டி எந்தப் பக்கமிருந்து வரும்? குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா? எதற்கெல்லாம் கார்டு செல்லாது, சில்லறை வேண்டும்? எழுத ஆரம்பித்தால் பதினைந்து இருபது வந்துவிடும். அதைச் சுருக்கி வாட்ஸ்ஆப்பில் ஒரே செய்தியாக, அவர்கள் கிளம்புவதற்கு முதல் நாள் அனுப்பிவிடுங்கள். ஒரு வாரம் முன்னால் அனுப்பினால் படித்துவிட்டு மறந்துபோவார்கள்.

2. வருவதற்கு முன்னால் கூச்சப்படாமல் கேளுங்கள்

வரும் தேதியும் போகும் தேதியும் தெரிந்தால் போதாது, மணிக்கணக்கும் வேண்டும். 12 ஆம் தேதி இரவு 12.20 என்றால் அது 11 ஆம் தேதி ராத்திரி முடிந்தவுடனேவா, 12 ஆம் தேதி பகல் முழுக்கப் போன பிறகா என்பதில் பெரிய ஆட்களே ஏமாந்திருக்கிறார்கள்.

அடுத்தது, ஒவ்வொருவரும் தனித்தனியாக மூன்று ஆசைகளைச் சொல்ல வேண்டும். குழுவாகக் கேட்டால் சத்தமாகப் பேசுபவரின் ஆசைதான் பட்டியலாகும். தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். நான்கு பேரில் மூன்று பேர் ஒரே இடத்தைச் சொல்லியிருப்பார்கள். நான்காமவர் “சும்மா உன்கூட உக்காந்து பேசணும்” என்று எழுதியிருப்பார். அதுவும் பட்டியலில் ஏறட்டும்.

எவ்வளவு தூரம் நடக்க முடியும், முழங்கால் எப்படி, மருந்து மாத்திரை ஏதும் உண்டா, எதைச் சாப்பிட மாட்டார்கள், குழந்தை மதியம் தூங்குமா என்று எல்லாவற்றையும் கேட்டுவிடலாம். செலவைப் பற்றியும் இப்போதே பேசுவது நல்லது. “பெரிய டிக்கெட் அவரவருக்கு, வீட்டுச் சாப்பாடு என் பொறுப்பு, வெளியில் சாப்பிட்டால் பங்கு” என்று ஒரு வரியில் முடிந்துவிடும். வரிசையில் நின்றுகொண்டு “நான் குடுக்கறேன், நீ இரு” என்று பர்ஸை இழுத்துப் பிடிக்கும் சண்டை மிச்சம்.

உங்கள் பக்கத்தையும் ஒளிக்காதீர்கள். எத்தனை நாள் லீவு கிடைக்கும், எந்த நாள் வேலைக்குப் போயே ஆக வேண்டும், வீட்டில் எத்தனை பேர் படுக்கலாம் என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். வீடு சின்னது என்றால் நடந்து வரும் தூரத்தில் ஒரு அறை பார்த்துக் கொடுப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஆறு பேருக்கு ஒரு குளியலறை என்ற கணக்கில் யாருக்கும் நிம்மதி இருக்காது.

வாடகை வீடு என்றால் விருந்தாளிகள் எத்தனை நாள் தங்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். வருபவர் வெளிநாட்டவர் என்றால் இன்னொரு வேலையும் இருக்கலாம். சீனாவில் வீட்டில் தங்கும் வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். இத்தாலியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவரை வீட்டில் தங்கவைப்பவர் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நீங்கள் இருக்கும் நாட்டில் என்ன விதி என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

3. அவர்கள் படுக்கும் இடத்தில் ஒரு ராத்திரி நீங்கள் படுத்துப் பாருங்கள்

வீட்டைத் துடைத்து மெழுகுவதெல்லாம் அப்புறம். முதலில் இதைச் செய்யுங்கள். சோபாவின் நடுக்கம்பி முதுகில் குத்துகிறதா, தெருவிளக்கு நேராக முகத்தில் அடிக்கிறதா, குளிர்சாதனப்பெட்டி அரை மணிக்கு ஒரு தடவை உறுமுகிறதா, போன் சார்ஜர் தலைமாட்டுக்கு எட்டுகிறதா என்பதெல்லாம் படுத்தால்தான் தெரியும்.

புது இடத்தில் முதல் ராத்திரி தூக்கம் பிடிக்காது என்று நாம் சொல்வதற்கு ஆதாரமும் உண்டு. 2016 இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். பழக்கமில்லாத இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி மற்றப் பாதியைவிட விழிப்பாகவே இருக்கிறதாம், காவலுக்கு ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் போல. ஆகவே மறுநாள் காலை 6 மணிக்கு எழுப்பி “கிளம்புங்க, கூட்டம் வந்துரும்” என்று விரட்டாதீர்கள்.

விமானத்தில் பல நேர மண்டலங்கள் தாண்டி வருபவர்களுக்கு இன்னும் கஷ்டம். மண்டலத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் உடம்பு மெல்ல ஒத்துவரும். பெரும்பாலோருக்கு உடம்புக் கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகம் என்பதால், நேரம் கழித்துத் தூங்குவது எளிது, முன்னதாகத் தூங்குவது சிரமம். அதனால்தான் கிழக்கு நோக்கிப் பறந்து வந்தவர்கள் அதிகம் அவதிப்படுகிறார்கள். முதல் நாள் வீட்டுக்குள் அடைத்துவைக்காமல், பகல் வெளிச்சத்தில் பக்கத்துப் பூங்கா வரை நடத்திக் கூட்டிவந்தால் போதும்.

வீட்டுக்குள் இன்னொரு தடுமாற்றப் பட்டியல் இருக்கிறது. வெந்நீருக்கு எந்த ஸ்விட்ச், குழாயை எந்தப் பக்கம் திருப்புவது, வாசல் பூட்டை எப்படி இழுத்துப் பிடித்தால் சாவி திரும்பும், குப்பை எதில் எது. ஒரு நண்பன் மூன்று நாளும் பச்சைத் தண்ணீரில் குளித்திருக்கிறான். கிளம்பும் அன்றுதான் “உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் குளிப்பீங்களா?” என்று கேட்டான். ஸ்விட்ச் கதவுக்குப் பின்னால் இருந்தது. இப்போது அங்கே ஒரு சின்னத் தாள் ஒட்டியிருக்கிறேன், வைஃபை பாஸ்வேர்டும் அதிலேயே. நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் விளக்கும் டம்ளரும் எங்கே என்று படுக்கும் முன் காட்டிவிடுங்கள். மாற்றுச் சாவி ஒன்று அவர்கள் கையில் கட்டாயம் இருக்கட்டும்.

4. இடங்களைப் பொறுக்குவது

கூகுள் மேப்ஸைத் திறந்து, அவர்கள் சொன்ன இடங்கள், ஊரின் பெயர்பெற்ற இடங்கள், உங்களுக்குப் பிடித்த மூலைகள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் குறியுங்கள். குறித்த பிறகு தள்ளி நின்று பாருங்கள். புள்ளிகள் நான்கைந்து கொத்துகளாகத் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு கொத்து. புகழை வைத்து வரிசை போட்டால் காலையில் வடக்குக் கோடி, மதியம் தெற்குக் கோடி, சாயங்காலம் மறுபடி வடக்கு என்று ஊரை ரயில் ஜன்னலிலேயே பார்த்து முடிப்பீர்கள்.

அடுத்தது விடுமுறை நாள். என் மிகப்பெரிய அவமானம் இதில்தான். ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். வாசலில் எங்களைத் தவிர ஒரு புறாக்கூட்டம் மட்டும் இருந்தது. அன்று வார விடுமுறை. உலகத்தில் பல அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை மூடியிருக்கும். பாரிஸின் லூவர் செவ்வாய் மூடும், தாஜ்மஹால் வெள்ளிக்கிழமை. ஒன்றைப் பார்த்து இன்னொன்றை ஊகிக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் அதன் சொந்த இணையதளத்தில் நாளையும் நேரத்தையும் பாருங்கள். “கடைசி அனுமதி” என்று தனியாக ஒரு நேரம் போட்டிருப்பார்கள், மூடும் நேரத்தைவிட அதுதான் முக்கியம்.

முன்பதிவு வேண்டியவற்றை உடனே பதிவு செய்துவிடுங்கள். மிலானில் டா வின்சியின் ‘கடைசி இராவுணவு’ ஓவியத்தைப் பார்க்க முன்பதிவு கட்டாயம். அப்படிப் பதிந்து போனாலும் உள்ளே நிற்க 15 நிமிடம்தான். ஆம்ஸ்டர்டாமின் ஆன் ஃபிராங்க் இல்லத்துக்கு டிக்கெட் இணையத்தில் மட்டும். வாசலில் போய் நின்று கெஞ்சிப் பயனில்லை. உங்கள் ஊரிலும் இப்படி ஒன்றிரண்டு இருக்கும். வாரத்தின் மற்றத் திட்டங்களை அவற்றைச் சுற்றிக் கட்டுங்கள்.

நீங்களே போகாத பெரிய இடமா? ஒரு ஓய்வு நாளில் தனியாக ஒத்திகை போய்விட்டு வாருங்கள். உள்ளே சுற்ற எவ்வளவு நேரம், கழிப்பறை எங்கே, உட்கார இடம் உண்டா, பையை எங்கே வைக்கச் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கட்டடம் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். மேற்குப் பார்த்த முகப்பு என்றால் காலையில் படம் எடுத்தால் இருட்டாகத்தான் வரும். சாயங்காலம் போனால் அதே சுவர் பளிச்சென்று நிற்கும்.

போகும் முன் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் இறக்கி வைப்பதும் உதவி. மோனாலிசா 77 சென்டிமீட்டருக்கு 53 சென்டிமீட்டர்தான். அது தெரியாமல் போகிறவர்கள் “இவ்வளவுதானா?” என்று முகம் சுருங்கித் திரும்புகிறார்கள். உங்கள் ஊரின் மோனாலிசா எது என்று உங்களுக்குத் தெரியும். “பார்க்கச் சின்னதா இருக்கும், ஆனா கிட்டப் போய்ப் பாரு” என்று முன்னாடியே சொல்லிவையுங்கள்.

5. ஒரு நாளை எப்படி அடுக்குவது

ஒரு பெரியது, ஒரு சின்னது, ஒரு சும்மா. இதுதான் என் கணக்கு. காலையில் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் பெரிய இடம். மதியத்துக்குப் பிறகு பக்கத்திலேயே ஒரு தெருவோ சந்தையோ பூங்காவோ. மீதி நேரத்துக்குத் திட்டமே கிடையாது.

இரண்டு பெரியது வைத்தால் என்ன என்று தோன்றும். தொலைவிலிருந்து வந்திருக்கிறார்களே, முடிந்தவரை காட்டிவிடலாமே என்று நமக்கும் ஆசைதான். ஆனால் கண்ணுக்கும் காலுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916 இலேயே ‘அருங்காட்சியகக் களைப்பு’ என்று எழுதினார். காட்சிப் பொருளைப் பார்க்க ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிந்தும் வளைந்தும் எக்கியும் நிற்க வேண்டியிருக்கிறது என்று படமெடுத்தே காட்டினார். நூறு வருஷம் தாண்டியும் நம் முதுகு மாறவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் நண்பர்கள் ஓவியங்களைவிட நாற்காலிகளைத்தான் தேடுவார்கள்.

நடக்கும் நேரத்தையும் செயலி சொல்வதுபோல் நம்பாதீர்கள். அது நிற்காமல் நடக்கும் ஒரு தனி ஆளின் கணக்கு. ஐந்து பேர், இரண்டு கேமரா, ஒரு குழந்தை என்றால் இரட்டிப்பாக்குங்கள். பழக்கத்தில் வேகமாக நடக்கும் நீங்கள் முன்னால் போய்விடாமல், கடைசியில் வருபவரோடு நடங்கள்.

நாளின் கடைசிப் பகுதியை மட்டும் அசட்டையாக விடாதீர்கள். 1993 இல் உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். கையைக் குளிர்ந்த நீரில் 60 விநாடி வைத்திருப்பது ஒருமுறை. அதே 60 விநாடியோடு, தண்ணீரை லேசாகச் சூடாக்கி இன்னும் 30 விநாடி வைத்திருப்பது இன்னொருமுறை. மறுபடி எதைச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமானதையே கேட்டார்கள், முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால். சுற்றுலாவுக்கும் இது பொருந்தும். பகல் முழுக்க வெயிலில் வரிசையில் நின்றிருந்தாலும், பொழுது சாயும்போது ஒரு உயரமான இடத்திலோ தண்ணீர்க்கரையிலோ உட்கார்ந்து முடித்தால், ராத்திரி போனில் வீட்டுக்குப் பேசும்போது அதைத்தான் சொல்வார்கள். கடைசி ஒரு மணி நேரத்தை நெரிசலான ரயிலில் முடித்தால் அதையும் சொல்வார்கள்.

மழைக்கு மாற்றாக ஒவ்வொரு கொத்திலும் கூரையுள்ள ஓர் இடத்தைக் குறித்து வையுங்கள், அவ்வளவுதான்.

6. வெளியே கிளம்பிய பிறகு

கிளம்பும் முன் செருப்பைப் பாருங்கள். புதுச் செருப்பு என்றால் மாற்றச் சொல்லுங்கள். தண்ணீர், பவர் பேங்க், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி, எல்லாம் உங்கள் பையில் இருக்கட்டும்.

நாள் பாஸ் எப்போதும் லாபம் என்று நினைக்க வேண்டாம். ஒரு தடவைக்கு என்ன கட்டணம், அன்று எத்தனை தடவை ஏறப்போகிறோம் என்று பெருக்கிப் பாருங்கள். ஒரே கொத்தில் நடந்து சுற்றும் நாளில் பாஸ் தண்டம்.

கூட்டத்தில் பிரிந்துபோனால் எங்கே சேர்வது என்று ஒவ்வோர் இடத்திலும் முதலிலேயே சொல்லுங்கள். “வாசல்ல நில்லு” போதாது, வாசல் நான்கு இருக்கும். “குதிரைச் சிலைக்குக் கீழே, அரை மணி நேரம்” என்று சொல்ல வேண்டும். வீட்டு முகவரியை உள்ளூர் மொழியில் எழுதி ஒவ்வொருவர் போனிலும் படமாக வைத்துவிடுங்கள். பேட்டரி தீர்ந்துவிடுமோ என்று பயமிருந்தால் தாளிலும். அவசர உதவி எண்ணும் அதிலேயே இருக்கட்டும்.

கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. “இந்தக் கட்டடம் எப்ப கட்டினது?” என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள், பலகையைச் சேர்ந்து படியுங்கள். ஒரு தடவை நான் வாய்க்கு வந்த நூற்றாண்டைச் சொல்லி வைத்தேன். பத்தடி தள்ளி வெண்கலப் பலகையில் வேறு ஆண்டு இருந்தது. மிச்ச நாள் முழுக்க, நான் எதைச் சொன்னாலும் “பலகை எங்கே?” என்றுதான் கேட்டார்கள்.

7. உங்கள் தடத்தில் ஒரு நாள்

வழிகாட்டிகளில் இருக்கும் இடங்களை அவர்கள் உங்கள் தயவில்லாமலே பார்த்துக்கொள்ள முடியும். நீங்கள் தினமும் ஏறும் பேருந்து, சாமான் வாங்கும் கடை, முதன்முதலில் குடியிருந்த அந்த இருட்டு அறை இருக்கும் தெரு, வேலை போய்விடுமோ என்ற பயத்தில் உட்கார்ந்திருந்த பெஞ்சு, இதையெல்லாம் நீங்கள்தான் காட்ட முடியும். “இதுல என்ன இருக்கு பார்க்க?” என்று தயங்காதீர்கள். இத்தனை வருஷம் போனில் சொன்னதெல்லாம் அவர்கள் மனதில் உருவமில்லாமல் கிடக்கிறது. அந்தப் பெஞ்சில் என் தோழி பக்கத்தில் உட்கார்ந்தாள். கையால் பலகையைத் தடவிப் பார்த்தாள். “அப்ப போன்ல பின்னாடி ஒரு மணி அடிக்கும், அது எது?” என்றாள். எதிரே இருந்த கோபுரத்தைக் காட்டினேன். அடிக்கும்வரை இருந்துவிட்டுப் போகலாம் என்று இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தோம்.

இந்த நாளுக்கு டிக்கெட் எதுவும் வேண்டாம். இரண்டாவது அல்லது மூன்றாவது நாளில் வையுங்கள். முதல் நாள் களைப்பு, கடைசி நாள் அவசரம்.

8. அரை நாள் தனியே விடுங்கள்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அதற்கு மேல் தங்குகிறார்கள் என்றால் நடுவில் அரை நாளாவது அவர்களைத் தனியே அனுப்புங்கள். உங்களுக்குத் துணி துவைக்க வேண்டும், அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும், சும்மா சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். அவர்களுக்கும் உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்காமல் நடக்க ஒரு வாய்ப்பு வேண்டும். ஏறும் இடம், இறங்கும் இடம், திரும்பும் நேரம் மூன்றை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை “எங்கே இருக்கீங்க?” என்று கேட்காமல் இருங்கள்.

நாலாவது நாள் வாக்கில் ஒரு சின்ன உரசல் வரும், வராவிட்டால்தான் ஆச்சரியம். பெரும்பாலும் பசியோ கால்வலியோதான் காரணம். முதலில் சாப்பிட உட்காருங்கள், பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். குழுவில் இருவருக்கு ஆசை ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டாகப் பிரிந்து போய்ச் சாயங்காலம் சேருங்கள்.

9. கிளம்பும் நாள்

அன்றைக்கு எந்தப் புது இடமும் வேண்டாம். முதல் நாள் ராத்திரியே பெட்டியை எடை பார்த்துவிடுங்கள். வீட்டுத் தராசில் நீங்கள் தனியாக ஒருமுறை, பெட்டியோடு ஒருமுறை நின்று கழித்தால் கணக்கு வந்துவிடும். பாஸ்போர்ட், சார்ஜர், குளியலறையில் காயும் துணி என்று மூன்றையும் வாய்விட்டுக் கேளுங்கள். சார்ஜர் எப்படியும் ஒன்று விட்டுப்போகும், அது வேறு விஷயம்.

வழியனுப்பிவிட்டு வந்து படுக்கையைச் சுருட்டுவதற்கு முன்னால், அவர்கள் எடுத்த படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தனியாகச் சுற்றிய அந்த அரை நாளில் அவர்கள் நுழைந்த சந்து ஒன்று அதில் இருக்கும், உங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, நீங்கள் பார்த்தே இராத நீலக் கதவோடு. அதையும் மேப்பில் குறித்து வையுங்கள்.